புகைக்குப் பழகிய ஊர்

கிரீன் பே

செப்டம்பர் கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகிழக்கு மூலைக்குப் போகிறவர்கள் மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கத்தான் போவார்கள். நான் போனது ஒரு தீயின் தடத்தைத் தேடி. "நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி எரிஞ்சு அணைஞ்சது. இப்பப் போய் என்ன மாமா பாக்கப் போறீங்க?" என்று தங்கை மகள் கேட்டாள். கிரீன் பே நகரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். கேட்டாளே தவிர, விடுப்பு எடுத்துக்கொண்டு கார் ஓட்ட அவளே வந்தாள்.

1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. அன்றைக்குச் சிகாகோ எரிந்தது உலகத்துக்கே தெரியும். ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அதே இரவில், சிகாகோவுக்கு வடக்கே 400 கிலோமீட்டர் தள்ளி, கிரீன் பே விரிகுடாவின் இரு கரையிலும் காடு எரிந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர். இறந்தவர்கள் 1,200 என்பாரும் உண்டு, 2,500 என்பாரும் உண்டு. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அமெரிக்காவில் இத்தனை உயிரைக் கொண்டுபோன காட்டுத்தீ வேறொன்று இல்லை. அதன் நடுவில் அகப்பட்ட ஊர் பெஷ்டிகோ.

நான் கிரீன் பே போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை என்றால் மீன். சின்ன உணவகம், பெரிய உணவகம் என்ற பேதமில்லாமல் எல்லா இடத்திலும் பெர்ச் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, முட்டைக்கோஸ் துருவலும் ரை ரொட்டியும் வைத்துத் தருகிறார்கள். மீன் வருவதற்கு முன் ஒரு தட்டில் புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகள் வந்தன. கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் போடுகிறது. சத்தம் போடவில்லையென்றால் பழசு என்று அர்த்தமாம்.

பக்கத்து மேசையில் ஒரு முதியவர், ஓய்வுபெற்ற கப்பல் மாலுமி. நாங்கள் பெஷ்டிகோவுக்குப் போகிறோம் என்றதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "எல்லாரும் அந்த இரவைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு முந்தைய கோடையைப் பற்றிக் கேளுங்கள்" என்றார். அந்த வருஷம் ஜூலைக்குப் பிறகு இந்தப் பக்கம் நல்ல மழையே இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு தூறல், அவ்வளவுதான். சதுப்பு நிலங்கள் வெடித்தன. மண்ணுக்கடியில் இருந்த மக்கும் வேரும் கனன்றன. மேலே ஒன்றும் தெரியாது, நின்ற மரம் திடீரென்று சாயும். விரிகுடாவின் மேல் புகை படிந்து, பட்டப்பகலில் கப்பல்காரர்கள் கரை தெரியாமல் திசைகாட்டியை நம்பி ஓட்டினார்கள். "வாரக்கணக்கில் புகை. பள்ளிக்கூடம் நடந்தது, ஆலை ஓடியது, சம்பளம் போட்டார்கள். புகைக்கு ஆள் பழகிவிடுகிறான்" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினார்.

வழி நெடுக நான் கேட்டதும் பார்த்ததும் அவர் சொன்னதையே வேறு வேறு விதமாகச் சொல்லின.

சாம்பியன்

மறுநாள் விரிகுடாவின் கிழக்குக் கரை. கிரீன் பேயிலிருந்து அரை மணி நேரம் போனாலே பெல்ஜியக்காரர்களின் நாடு வந்துவிடுகிறது. 1850களில் வலோன் பேசும் பெல்ஜிய உழவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இங்கே காட்டை வெட்டிக் கழனி ஆக்கினார்கள். சாலையோரத்தில் செங்கல் வீடுகள், சிவப்பு நிறம், முகப்பின் உச்சியில் வட்டச் சன்னல். அமெரிக்கக் கிராமம் முழுக்க மர வீடாகவே பார்த்து வந்த கண்ணுக்கு இது புதிது. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: தீ. முதலில் கட்டியவை மரக்கட்டை வீடுகள். 1871இல் எல்லாம் போயின. பிறகு கட்டியவர்கள் செங்கல்லுக்கு மாறினார்கள். காரை விட்டு இறங்கி ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். ஒரு மூலையில் பின்பக்கமாக வெளிச் சமையலறையும், அதிலிருந்து பிதுங்கினாற்போல் வளைந்த கூரையுடன் ரொட்டி அடுப்பும் இருந்தன. வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்து, திட்டாமல், உள்ளே கூப்பிட்டார். உலர்ந்த பிளம் பழக்கூழின் மேல் பாலாடை பூசிய வட்டப் பை ஒன்றை வெட்டிக் கொடுத்தார். அன்று அவர்கள் மாதா கோயிலில் 'பூயா' போடுகிறார்களாம்.

பூயா என்பது கோழியும் மாட்டிறைச்சியும் காய்கறிகளும் ஒன்றாகக் கரைகிற வரை அண்டாவில் வேகும் கெட்டிச் சாறு. விடிவதற்கு முன்பே விறகு மூட்டி, துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். பாத்திரம் கொண்டுவருகிறவர்களுக்கு அளந்து ஊற்றுவது, வரும் காசு கோயிலுக்கு. கிளறுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாருக்கும் அடுத்தவர் கிளறும் விதத்தில் குறை. ஊருக்குப் பொதுவாகச் சமைக்கிற இடத்தில் எந்த நாட்டு ஆண்களும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

சாம்பியன் என்ற இந்தச் சிற்றூரில்தான் மாதா திருத்தலம். 1859இல் அடேல் பிரீஸ் என்ற பெல்ஜியப் பெண்ணுக்கு இங்கே மரியன்னை காட்சி கொடுத்தார் என்பது நம்பிக்கை. 2010இல் கிரீன் பே ஆயர் அதை ஏற்று அறிவித்தார். அமெரிக்காவில் திருச்சபை அப்படி அங்கீகரித்த முதல் காட்சி அது. தீ வந்த இரவில் சுற்று வட்டாரத்துக் குடும்பங்கள் மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு இந்தக் கோயில் வளாகத்துக்குள் வந்து அடைந்தார்கள். அடேலும் மற்றவர்களும் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, முழங்காலிட்டும் நடந்தும் இரவெல்லாம் சுற்றி வந்தார்கள். விடிகிற நேரத்தில் மழை பெய்தது. சுற்றிலும் எல்லாம் கரி, வேலிக்குள் பச்சை. வேலியின் வெளிப்பக்கம் கருகியிருந்ததாம்.

கோயிலுக்குள் எரிந்த மெழுகுவர்த்திகளையும், பெஞ்சில் அழுதுகொண்டிருந்த ஒரு மெக்சிகோக் குடும்பத்தையும் பார்த்தபோது எனக்கு வேளாங்கண்ணி நினைவு வந்தது. தங்கை மகளும் அதையேதான் சொன்னாள். அற்புதமா, வெட்டவெளியும் மழையும் செய்த உபகாரமா என்று தீர்ப்புச் சொல்ல நான் முயலவில்லை. அடுத்துப் பார்த்த இடம் 'வெட்டவெளி' என்ற விளக்கத்தைச் சுலபமாக ஏற்க விடவில்லை.

வில்லியம்சன்வில்

டோர் தீபகற்பத்துக்குப் போகும் 57ஆம் நெடுஞ்சாலையோரம் ஒரு சின்னப் பூங்கா. பெயர் டொர்னாடோ நினைவுப் பூங்கா. சூறாவளி வந்த இடம் என்று நினைத்து நிறையப் பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இறங்குகிறார்கள். வந்தது தீச்சூறாவளி.

வில்லியம்சன்வில் என்பது கூரை ஓடுகளாகப் பயன்படும் மரச்சில்லுகளை அறுக்கும் ஓர் ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு. 77 பேர். காட்டுக்கு நடுவே கொஞ்சம் திறந்த வெளி, அதில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். தீ வருவதைப் பார்த்ததும், யாரும் செய்யக்கூடிய அறிவான காரியத்தைத்தான் அவர்களும் செய்தார்கள்: கட்டடங்களை விட்டுத் திறந்த வெளிக்கு ஓடினார்கள். சிலர் கிணற்றுக்குள் இறங்கினார்கள். வெளியில் நின்றவர்களில் பலர் அங்கேயே குவியலாக விழுந்து இறந்தார்கள். கிணற்றில் இறங்கியவர்களில் பிழைத்தவர்கள் உண்டு. மொத்தம் 60 பேர் போனார்கள்.

மேற்குக் கரையில் எரிந்த தீ விரிகுடாவைத் தாவிக் கிழக்கே வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரு கரையிலும் எரிந்தவை தனித்தனித் தீகள். தாவுகிற நெருப்பைவிட இதுதான் அச்சம் தருவது: எல்லாக் கரையும் ஒரே மாதிரி காய்ந்து, ஒரே மாதிரி வெட்டிப் போட்டு, ஒரே காற்றுக்குக் காத்திருந்தது. அதே நாளில் மிச்சிகன் ஏரிக்கு அப்பால் மிச்சிகன் மாநிலத்திலும் ஹாலண்ட், மனிஸ்டீ போன்ற ஊர்கள் எரிந்தன. இத்தனையும் ஒரே நாளில் எப்படி என்று கேட்டு, வால்நட்சத்திரத் துண்டு விழுந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒருவர் புத்தகம் எழுதினார். இன்னும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வானத்திலிருந்து கல் விழ வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குத் தரையில் ஏற்பாடு நடந்திருந்தது.

ஒகாண்டோ வழியாக

திரும்பிக் கிரீன் பே வந்து, விரிகுடாவின் மேற்குக் கரையில் 41ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ஒகாண்டோவைத் தாண்டுகிற வரை சமவெளி. மக்காச்சோளம் முற்றிப் பழுத்து நின்றது. இடையிடையே இரண்டாம் தலைமுறைக் காடு: ஆஸ்பென், பிர்ச், மெலிந்த பைன். இங்கே நின்ற பழைய வெள்ளைப் பைன் மரங்களை நான்கு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது என்று வழியில் பெட்ரோல் போட்ட இடத்தில் ஒருவர் கையை விரித்துக் காட்டினார். அந்த மரங்கள்தான் சிகாகோவாக எழுந்து நின்றன. வெட்டியவர்கள் நேரான நடுமரத்தை ஆற்றில் விட்டுவிட்டு, கிளை, உச்சி, பட்டை எல்லாவற்றையும் கிடந்த இடத்திலேயே போட்டுப் போனார்கள். மைல் கணக்கில் முழங்காலளவு, இடுப்பளவு காய்ந்த கழிவு.

அதற்கு மேல் ரயில் பாதை. 1871இல் கிரீன் பேயிலிருந்து வடக்கே தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதைக்கு இருபுறமும் வெட்டிய மரத்தைக் குவித்து எரித்தார்கள். உழவர்களும் அப்படித்தான்: மரத்தை வெட்டு, அடிக்கட்டையைக் கொளுத்து, சாம்பலில் விதை. இங்கே தீ என்பது கோடரி, ரம்பம் போல ஒரு வேலைக் கருவி. மழைக்காலத்தில் அது சொன்ன பேச்சைக் கேட்டது.

நான் தேனிப் பக்கத்தவன். மாசி பிறந்தால் எங்கள் மலைச் சரிவுகளில் இராத்திரி தீக்கோடு வளைந்து வளைந்து தெரியும். புல்லுக்காக யாரோ வைத்தது என்பார்கள். சின்ன வயதில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பதே எங்களுக்கு வேடிக்கை. 2018 மார்ச் 11இல் குரங்கணி மலையில் மலையேற்றக்காரர்கள் அகப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அந்தக் கோட்டை வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை. அதற்கு முந்தைய வருஷங்களிலும் அதே கோடுதான்.

விஸ்கான்சினில் முன்கூட்டியே ஒருவர் சொல்லத்தான் செய்தார். இன்க்ரீஸ் லாப்ஹம், மில்வாக்கியில் வாழ்ந்த இயற்கை அறிஞர். காடு இத்தனை வேகமாக அழிவதால் வரும் கேடுகளைப் பற்றி 1867இல், தீக்கு நான்கு வருஷம் முன்பு, மாநில அரசுக்கு அவரும் வேறு இருவரும் சேர்ந்து அறிக்கை கொடுத்தார்கள். காடு போனால் ஓடைகள் வற்றும், காற்றுக்குத் தடை இராது, மண் காயும் என்று விவரமாக எழுதியிருந்தார்கள். அறிக்கை அச்சாயிற்று; ரம்பங்கள் நிற்கவில்லை. அதே லாப்ஹம் விடாமல் எழுதி எழுதித்தான் 1870இல் அமெரிக்காவின் தேசிய வானிலைப் பணி உருவாயிற்று. அந்த வருஷம் நவம்பரில் பேரேரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையும் அவர் கையால் போனது. எச்சரிக்கை கப்பல்களுக்கு. காட்டில் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றாத காலம்.

பெஷ்டிகோ

ஊர் சின்னது. மூவாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு பாலம், ஒரு ஆறு, ஒரு பெரிய சாலை. பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் தீ அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 8ஆம் தேதியோடு அருங்காட்சியகத்தை மூடி, கோடை தொடங்கும்போது திறப்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் உண்டியல், அதற்குப் பின்னால் எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார், கம்பளிச் சட்டையில்.

"தீயில் தப்பிய பொருள் இங்கே ரொம்பக் கம்மி. ஏமாந்து போகாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உண்மைதான். அறை நிறைய இருப்பவை அந்தக் காலத்துத் தையல் இயந்திரங்கள், குழந்தைத் தொட்டில்கள், தறிகள். தீயைத் தாண்டி வந்தவை ஒரு கைக்குள் அடங்கும். கருகிக் கல் போல இறுகிய ஒரு விவிலியம். பிறகு நற்கருணைப் பேழை.

கண்ணாடிக்குள் இருக்கும் அந்தப் பேழை மரத்தால் ஆனது, வெள்ளை வண்ணம் பூசியது. பீட்டர் பெர்னான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதைக் கைவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். அவர் பின்னால் எழுதி 1874இல் மாண்ட்ரியலில் வெளிவந்த சிறு நூல்தான் அந்த இரவைப் பற்றி நமக்குள்ள நெருக்கமான சாட்சி. தோட்டத்தில் குழி வெட்டி உடைகளையும் புத்தகங்களையும் புதைத்தது, குதிரையை அவிழ்த்து விட்டது, அவசரத்தில் சாவி கைநழுவியது, காற்று அவரைக் கீழே தள்ளியது எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறார். வண்டியை அப்படியே ஆற்றுக்குள் தள்ளிவிட்டார். மூன்று நாள் கழித்துப் பேழை ஒரு மரக்கட்டையின் மேல், கருகாமல், வெள்ளையாகவே கிடைத்தது.

அம்மையார் ஒரு பழைய வரைபடத்தை விரித்தார். ஊர் எதனால் ஆனது என்று விரலால் காட்டினார். ஆற்றோரம் மரப்பாத்திர ஆலை. நாட்டிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. வாளி, தொட்டி, துடைப்பக் கட்டை, துணி மாட்டும் கவ்வி, கூரைச் சில்லு. உரிமையாளர் வில்லியம் ஆக்டன், சிகாகோவின் முதல் மேயர், ரயில் முதலாளி. வீடுகள் பைன் பலகை. நடைபாதை பலகை. பாலம் மரம். ஆலையிலிருந்து மரத்தூள் கணக்கில்லாமல் வந்தது. வெயிலில் புழுதி அடங்கவும் மழையில் சேறு ஆகாமலும் இருக்கத் தெருவெல்லாம் அதைக் கொட்டினார்கள். "எங்கள் ஊர் தரையிலிருந்து கூரை வரைக்கும் விறகு" என்றார். வெட்கமோ வருத்தமோ இல்லாமல், ஒரு சமையல் குறிப்பைச் சொல்வதுபோல.

செப்டம்பர் 24, அதுவும் ஞாயிறு, தீ ஊர் எல்லைக்கு வந்திருக்கிறது. எல்லாரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மண்ணை வெட்டிப் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஊரைச் சுற்றி எரிய வேண்டியது எரிந்து போயிற்று, இனி பயமில்லை என்று நினைத்தார்கள். நான் அந்த வரைபடத்தின் முன் அதிக நேரம் நின்றது இந்தத் தகவலுக்காகத்தான். அவர்கள் சோம்பேறிகள் அல்ல, அசட்டையானவர்களும் அல்ல. ஒரு தீயை அணைத்துக் காட்டியவர்கள். அந்த வெற்றிதான் அடுத்த இரண்டு வாரம் அவர்களை நிம்மதியாகத் தூங்க வைத்தது.

ஆறு

அருங்காட்சியகத்திலிருந்து ஆற்றுக்கு நடந்தே போகலாம். பெஷ்டிகோ ஆறு அகலமில்லை. தண்ணீர் தேயிலைச் சாயம், ஓட்டம் உண்டு. எங்கள் வைகையைப் பார்த்துப் பழகியவனுக்கு, செப்டம்பர் முடிவிலும் கரை தொட்டு ஓடுகிற ஆறு கொஞ்சம் பொறாமைதான். கரையில் ஒரு பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

தீ வந்த அன்றைக்கு மேற்கே சமவெளியில் ஆழமான தாழ்வழுத்தம் நகர்ந்து வந்தது. மாலையில் தென்மேற்குக் காற்று வலுத்தது. காட்டில் அங்கங்கே கனன்றுகொண்டிருந்த நூறு சிறு தீகளை அது ஒன்றாக்கியது. அப்புறம் வெளிக்காற்று தேவைப்படவில்லை. பெருந்தீயின் மேல் சூடான காற்று கிளம்பும். அந்த வெற்றிடத்துக்குச் சுற்றுப்புறக் காற்று தரையோடு பாயும். தீ தனக்கு வேண்டிய புயலைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இரவு ஒன்பது மணிவாக்கில் தென்மேற்கில் ரயில் வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்டதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். பத்து மணிக்கு ஊர் எரிந்தது. ஒரு மணி நேரத்தில் எதுவும் மிச்சமில்லை. கட்டிக்கொண்டிருந்த ஒரு வீடு மட்டும் நின்றது. அதன் மரம் இன்னும் பச்சை.

இந்தக் கரைக்காரர்கள் அந்தக் கரை பத்திரம் என்று பாலத்துக்கு ஓடினார்கள். அந்தக் கரைக்காரர்கள் இந்தப் பக்கம். நடுவில் வண்டியும் மாடும் ஆளும் மோதிக்கொண்டார்கள். பாலமும் எரிந்தது. கரையை அடைந்த பலர் தண்ணீரில் இறங்காமல் வாய் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதாகப் பெர்னான் எழுதுகிறார். சிலரை அவரே பிடித்துத் தள்ளியிருக்கிறார். தண்ணீருக்கு மேல் தலை தெரிந்தால் தலைமுடி பற்றுகிறது. ஈரத்துணியைப் போட்டு, கையால் தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டே நிற்க வேண்டும். ஆலையிலிருந்து எரியும் கட்டைகள் மிதந்து வருகின்றன. பசுக்கள் நீந்தி வந்து இடிக்கின்றன. மேலே நெருப்பு, கீழே அக்டோபர் மாதத்து வட நாட்டு ஆறு: சூட்டில் தப்பியவர்களில் சிலர் குளிரில் விறைத்து இறந்தார்கள். பெர்னான் வெளியே வந்தது விடியற்காலை மூன்றரை மணிக்கு.

நான் குனிந்து கையை நனைத்துப் பார்த்தேன். செப்டம்பரிலேயே விரல் மரத்தது. "அஞ்சு மணி நேரம்னா ஒடம்பு தாங்காது மாமா" என்று தங்கை மகள், மருத்துவமனைக் குரலில் சொன்னாள்.

கல்லறைத் தோட்டத்தில் பொதுக்குழி ஒன்று உண்டு. அடையாளம் காண முடியாத ஏறத்தாழ 350 பேர் அதில். உடல் கருகியதால் மட்டும் அடையாளம் தெரியாமல் போகவில்லை. தீக்காயமே இல்லாமல், சூடான காற்றை மூச்சில் இழுத்து இறந்தவர்களும் இருந்தார்கள். அடையாளம் சொல்ல வேண்டியவர்களும் கூடவே இறந்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக, புதிதாக வந்திறங்கிய ரயில் கூலிகளோடு, பெயர்ப்பட்டியலும் சேர்ந்து போயிற்று. 1873இல் சட்டமன்றத்துக்குக் கொடுத்த பட்டியலில் இறந்தோரும் காணாமற்போனோருமாக 1,182 பெயர்கள். மற்றவர்கள் யாரென்று தெரியாது. விஸ்கான்சின் மாநிலம் தன் வரலாற்று நினைவுப் பலகைகளை நடத் தொடங்கியபோது முதல் பலகையை இங்கேதான் நட்டது, 1951இல்.

மரினெட்

பெஷ்டிகோவிலிருந்து பத்து நிமிடத்தில் மரினெட். அங்கிருந்த பெர்னானின் இன்னொரு கோயிலும் அதே இரவில் எரிந்தது. ஊரின் பெரும்பகுதி தப்பியது. பிழைத்தவர்கள் இங்கேதான் நடந்து வந்தார்கள்.

தந்திக் கம்பி எரிந்து போனதால் கப்பல் வழியாகத்தான் செய்தி வெளியே போயிற்று. தலைநகர் மேடிசனுக்கு அது வந்தபோது ஆளுநர் லூசியஸ் ஃபேர்சைல்ட் ஊரில் இல்லை. சிகாகோவுக்கு உதவப் போயிருந்தார். அவர் மனைவி பிரான்சிஸுக்கு வயது 24. சிகாகோவுக்குப் புறப்படத் தயாராக நின்ற நிவாரண ரயில் பெட்டி ஒன்றை வடக்கே திருப்பச் சொன்னார். பெட்டியில் போர்வை இல்லை என்று தெரிந்ததும் நகரத்துப் பெண்களிடம் அள்ளிக்கொண்டு வரச் செய்து ஏற்றினார். ஆளுநரின் மனைவிக்கு அப்படி உத்தரவு போட அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் அப்போது கேட்கவில்லை.

பெஷ்டிகோவை உலகம் மறந்துவிட்டது என்று எழுதாத ஆள் இல்லை. தந்தியும் பத்திரிகையும் சிகாகோவில் இருந்தன, அவ்வளவுதான். சிகாகோவில் எரிந்தது காப்பீடு செய்த சொத்து. இங்கே எரிந்தவர்கள் பாதிப் பேர் எந்த ஏட்டிலும் ஏறாதவர்கள். ஆக்டனுக்கு அந்த இரவில் இரண்டு இடத்திலும் நஷ்டம். சிகாகோ வீடும் போயிற்று, பெஷ்டிகோ ஆலையும் போயிற்று. மரப்பாத்திர ஆலையை மறுபடி கட்டவில்லை.

மெனாமினி காடு

மேற்கே திரும்பினோம். வழியில் சுகர் புஷ் என்று பேர் பெற்ற பழைய குடியேற்றப் பகுதி. மேப்பிள் பாகு காய்ச்சியவர்கள் இருந்த இடம். ஊரில் இருந்தவர்களுக்கு ஆறாவது இருந்தது, இங்கிருந்த உழவர்களுக்கு அதுவும் இல்லை. இப்போது சோயாவும் மாட்டுத் தொழுவங்களும். நிற்காமல் போய்விட்டோம்.

வயல்கள் ஒரு கோடு கிழித்தாற்போல் முடிந்து காடு தொடங்குகிறது. மெனாமினி பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலம்: 2,35,000 ஏக்கர், பெரும்பகுதி காடு. விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் கரும்பச்சைச் சதுரமாகத் தெரிவது இதுதான். பெஷ்டிகோ இருக்கும் மண்ணும் ஒரு காலத்தில் இவர்களுடையதே. 1836 ஒப்பந்தத்தில் சுமார் 40 லட்சம் ஏக்கரைக் கொடுக்க வேண்டி வந்தது. 1854இல் இந்தத் துண்டில் ஒதுங்கினார்கள்.

காட்டுக்குள் நான் எதிர்பார்த்தது மரம் வெட்டாத அமைதி. கேட்டது ரம்பம். இவர்களும் வெட்டுகிறார்கள், விற்கிறார்கள். நியோபிட் என்ற ஊரில் 1908இலிருந்து அறுப்பு ஆலை ஓடுகிறது. வெட்டுகிற முறைதான் வேறு: முற்றியது, நோய் கண்டது, சாய்ந்தது, மீதி நிற்கும். 1854இல் நின்ற மரம் அத்தனைக்கும் மேலாகவே இதுவரை வெட்டியாகிவிட்டது. நிற்பதும் அன்றைக்கு நின்றதைவிட அதிகம். கணக்கு உதைக்கிறதே என்று தோன்றும். வளர்வதற்குள் வெட்டாமல் இருந்தால் உதைக்காது. பெட்ரோல் பங்கில் கையை விரித்துக் காட்டியவர் சொன்ன அளவு வெள்ளைப் பைனை இங்கேதான் கண்ணால் பார்த்தேன். கட்டிப்பிடித்தும் பார்த்தேன். தங்கை மகள் படம் எடுத்துத் தேனிக்கு அனுப்பிவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் காட்டரிசிச் சூப். கறுத்து நீண்ட அரிசி, கடித்தால் கொட்டை வாசனை. எதிரே உட்கார்ந்திருந்தவர் காட்டுத் துறையில் வேலை பார்க்கும் மெனாமினிக்காரர், நாற்பது வயதிருக்கும். நாங்கள் எங்கெல்லாம் போய் வந்தோம் என்று கேட்டார். பெஷ்டிகோ என்றதும் தலையை ஆட்டினார். "எங்கள் காட்டிலும் நாங்கள் தீ வைப்போம்" என்றார்.

வேண்டுமென்றே, திட்டம் போட்டு. பைன் விதை முளைக்கத் தரையில் சருகு மெத்தை குறைய வேண்டும். மண் தெரிய வேண்டும். சருகையும் சுள்ளியையும் அவ்வப்போது சிறு தீயில் கழித்துவிட்டால், பெரிய தீ வந்தாலும் தின்ன அதற்கு ஒன்றும் இராது. கேட்கச் சுலபம். எப்போது வைப்பது என்பதில்தான் வேலை என்றார். சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். காற்றின் ஈரம், காற்றின் வேகம், திசை, சருகைப் பிட்டால் முறிகிறதா வளைகிறதா, மழை பெய்து எத்தனை நாள் என்று கட்டம் கட்டமாகப் பென்சிலில் எழுதியிருந்தது. நிறையப் பக்கங்களில் கடைசிக் கட்டத்தில் ஒரே குறி.

"அது என்ன குறி?" என்று தங்கை மகள் கேட்டாள்.

"வேண்டாம் என்று முடிவு பண்ணிய நாள்" என்றார். "ஆட்கள் வந்தாயிற்று, தண்ணீர் வண்டி வந்தாயிற்று, சம்பளமும் ஓடுகிறது. ஒரு கட்டம் சரியில்லையென்றால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். போன வசந்தத்தில் ஒரே இடத்துக்கு மூன்று தடவை போய்த் திரும்பினோம். பையன்கள் அலுத்துக்கொண்டார்கள்." குறிப்பேட்டைப் பையில் வைத்துவிட்டு, சூப் ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னார்.